கட்டுமரமும் கேட்டமரானும்

இன்றைய ஆங்கில அகராதி எதை எடுத்துப் புரட்டினாலும் 'கேட்டமரான்' என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் முதலில் வரும் பொருள் ஒன்றுதான்: இரண்டு உடல்களை அருகருகே வைத்து, நடுவே தளம் போட்டு இணைத்த படகு. சொல் பிறந்த இடம் தமிழ் என்றும், 'கட்டு', 'மரம்' இரண்டும் சேர்ந்து உண்டானது என்றும் அதே பதிவில் குறித்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் தமிழர், இரட்டை உடல் படகை உலகுக்குக் கொடுத்தவர்கள் நம் முன்னோர் என்று முடிவு கட்டிவிடுகிறார். மேடைப் பேச்சிலும் வாட்ஸ்அப் செய்தியிலும் அந்த முடிவு ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை எந்தக் குப்பத்தில் கேட்டாலும் இந்த முடிவு நிற்காது. கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது. ஓர் உடல்கூடக் கிடையாது. படகு என்றால் உள்ளே குழிவு வேண்டும். அந்தக் குழிவுக்குள் தண்ணீர் புகாமல் காப்பதில்தான் படகின் உயிர் இருக்கிறது. கட்டுமரத்தில் குழிவே இல்லை. செதுக்கிய கட்டைகளை வரிசையாக அடுக்கிக் கயிற்றால் பிணைத்தது அது. கட்டைகளுக்கு இடையே தண்ணீர் வரும், போகும். ஏறி உட்கார்ந்தவரின் கால் எப்போதும் நனைந்தபடி இருக்கும். அலை மேலே ஏறி விழுந்தால் இடுக்குகளின் வழியாக வடிந்துவிடும். நிரம்ப இடம் இல்லாததால் அது தண்ணீர் நிரம்பி மூழ்குவதும் இல்லை.

அப்படியானால் இந்தக் கரையின் சொல் எப்படி உலகத்தின் மறுபக்கத்தில் வேறொரு கலத்தின்மேல் போய் ஒட்டிக்கொண்டது? நடுவில் அதற்கு என்னென்ன பொருள்கள் வாய்த்தன? சொல் ஊர் சுற்றிய காலத்தில் இங்கே இருந்த பொருளுக்கு என்ன ஆயிற்று? இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் எது நம்முடையது, எது நம்முடையதல்ல என்பது தெளியும்.

கரையிலிருந்து தொடங்குவோம். செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரை நீண்ட மணற்கரை. முட்டுக்காடு போன்ற முகத்துவாரங்களை விட்டால் கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் இல்லை. கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், சாலவான்குப்பம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று வரிசையாக உள்ள ஊர்களில், கரையை ஒட்டியே அலை உடைகிறது. அந்த உடைப்பைத் தாண்டினால்தான் தொழில் செய்யும் கடல். அடிப்பாகம் ஆழமாக உள்ள படகு இங்கே மணலில் தட்டும், அலையில் புரளும். தட்டினாலும் உடையாத, புரண்டாலும் மூழ்காத, நான்கைந்து பேர் கையால் கரையேற்றிவிடக்கூடிய ஒன்று வேண்டும். இந்தக் கடல் கேட்டதற்கு இந்தக் கரை மக்கள் கண்டுபிடித்த விடைதான் கட்டுமரம்.

மூன்று கட்டையிலிருந்து ஏழு கட்டை வரை சேர்த்துக் கட்டுவார்கள். முருக்கு, இலவு, மலைவேம்பு போன்ற எடை குறைந்த மரங்கள்தான் இதற்கு ஆகும். பிற்காலத்தில் கேரளத்திலிருந்து வந்த அல்பீசியா மரம் பரவலாயிற்று. நடுக்கட்டை நீளமாகவும் சற்றுத் தாழ்ந்தும் இருக்கும். பக்கக் கட்டைகள் அதைவிட மேலே ஏறி நிற்கும். முன்புறமான அணியத்துப் பக்கம் கட்டைகளைக் கூராகச் செதுக்கி மேல்நோக்கி வளைத்திருப்பார்கள். அலையைக் கிழித்து ஏறுவதற்கு அந்த வளைவு. அணியத்திலும் பின்புறமான அமரத்திலும் குறுக்கே கட்டை வைத்துக் கயிறு சுற்றி இறுக்குவார்கள். ஆணி கிடையாது, பசை கிடையாது. வேலை முடிந்து கரையேறியதும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். மறுநாள் மறுபடியும் கட்டுவார்கள்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். 'கட்டுமரம்' வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என்று மூன்று காலத்தையும் அந்தச் சொல் தனக்குள் அடக்கி வைத்திருக்கிறது. நேற்றுக் கட்டி, இன்று கட்டி, நாளையும் கட்டப்போகிற பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்க்காது.

ஐரோப்பியர் இந்தச் சொல்லைக் காதால் கேட்டு எழுதிய பழைய பதிவுகளில் ஒன்று ஆங்கிலத்தில் இல்லை, இத்தாலிய மொழியில் இருக்கிறது. கஸ்பாரோ பால்பி என்ற வெனிஸ் நகர வணிகர் 1583ஆம் ஆண்டு மயிலாப்பூர் சாந்தோம் கரைக்கு வந்தார். ஏழு உருண்டைக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டியதையும், நடுவில் உள்ளது நீண்டு தண்ணீரை வெட்டுவதையும், பின்புறம் நீருக்குள் இருக்க ஓர் ஆள் அதன்மேல் உட்கார்ந்திருப்பதையும் கவனமாகப் பார்த்து எழுதி, இவற்றை 'கட்டமெரோனி' என்கிறார்கள் என்று முடித்தார். இத்தாலியப் பன்மை விகுதியை நீக்கிவிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது நம் சொல்தான்.

ஆங்கிலத்தில் டாம்பியர்தான் முதலில் எழுதினார் என்று பல இடங்களில் படிக்கலாம். அது முழுச் சரியல்ல. தாமஸ் பௌரி என்ற ஆங்கிலக் கப்பல் வணிகர் 1669 முதல் 1679 வரை வங்கக் கடல் நாடுகளில் கண்டதை எழுதி வைத்த கையெழுத்துப் படியில் இந்தச் சொல் இருக்கிறது. நான்கு, ஐந்து, ஆறு பெரிய கட்டைகளைச் சேர்த்துக் கட்டிப் பாரம் ஏற்றுவதை அவர் குறித்திருக்கிறார். அந்த எழுத்து அச்சேறியது 1905இல்தான். ஜான் ஃபிரையர் என்ற மருத்துவர் 1673இல் இந்தக் கரையோரமாகக் கப்பலில் வந்தபோது, நடுவில் ஒரு பாயும் கையில் துடுப்புமாகத் தம் கப்பலை நோக்கி வந்த கட்டுமரங்களைக் கண்டார். அவர் நூல் வெளிவந்தது 1698இல். வில்லியம் டாம்பியரின் பயண நூல் அதற்கு ஓராண்டு முந்தி, 1697இல், வெளியாகிப் பலரால் படிக்கப்பட்டது. அதனால் பெயர் அவருக்குப் போயிற்று. சோழமண்டலக் கரையில் ஒன்றிரண்டு கட்டைகளால் ஆன மிகச் சிறிய மிதவைகளை இப்படி அழைக்கிறார்கள் என்றும், அதில் போகிறவனின் காலும் இடுப்பும் தண்ணீரிலேயே இருக்கும் என்றும் அவர் எழுதினார்.

இந்தப் பதிவுகளை அடுத்தடுத்து வைத்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. எல்லாரும் சொல்லை 'ன்' என்ற ஒலியோடு முடிக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரெஞ்சுப் பாதிரியார்களின் கடிதத்தில் வரும் 'கத்திமரோன்' வடிவமும் அப்படியே. தமிழில் 'மரம்' மகரத்தில் முடியும்போது இவர்களுக்கு மட்டும் ஏன் அப்படிக் கேட்டது? பேச்சுத் தமிழைக் காது கொடுத்துக் கேட்டால் காரணம் விளங்கும். 'மரம்' என்று யாரும் உதட்டை மூடி முடிப்பதில்லை. கடைசி மகரம் மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது. இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் எழுத்தைப் பார்த்து எழுதவில்லை. கரையில் நின்றவர்களின் வாயிலிருந்து கேட்டு எழுதினார்கள். அகராதியில் உள்ள அந்த 'ன்' ஒரு மீனவரின் உச்சரிப்பு என்றே நான் கொள்கிறேன். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி வேர்ச்சொல்லைச் சரியாகக் கொடுத்ததோடு, கடைசி அசையை அழுத்திச் சொல்லும் ஆங்கிலேய வழக்கம் பிழை என்றும் கண்டித்தது. கண்டிப்பு பலிக்கவில்லை. இன்றும் ஆங்கிலத்தில் அழுத்தம் பெரும்பாலும் அந்தக் கடைசி அசையில்தான் விழுகிறது.

சொல் வேரூன்றியதற்குச் சென்னை அலைதான் காரணம். ஜார்ஜ் கோட்டைக்கு எதிரே கப்பல் வந்து நின்றால் கரைக்கும் கப்பலுக்கும் இடையே உடையும் அலை. செயற்கைத் துறைமுகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் எழுந்தது. அதுவரை ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கியது கயிற்றால் தைத்த மசூலா படகு. அதுவும் போக முடியாத கொந்தளிப்பில் போனது கட்டுமரம். மாமல்லபுரத்தின் கோயில்களைக் கடலிலிருந்து அடையாளம் கண்டு, 'ஏழு கோயில்' என்று பெயரிட்டு, அதைக் குறியாக வைத்து வடக்கே வந்த கப்பல்களுக்கு முதலில் எதிர்ப்பட்ட சென்னைவாசி பெரும்பாலும் ஒரு கட்டுமரக்காரர்தான். ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகி, நனையாமல் கொண்டுவந்து கொடுப்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்த பயணிகள் பலரும் இந்தத் தொப்பியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அலை அவரைத் தூக்கி எறிவதும், அவர் நீந்திப் போய் மறுபடி ஏறிக்கொள்வதும் கப்பல் தட்டில் நின்றவர்களைத் திகைக்க வைத்தது. இப்படிக் கண்டவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களிலும் அச்சிட்ட நூல்களிலும் 'கேட்டமரான்' இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது.

போன இடத்தில் அது பழைய பொருளோடு இருக்கவில்லை. முதலில், எந்த நாட்டிலும் கட்டையால் கட்டிய எந்த மிதவையும் கேட்டமரான் ஆயிற்று. பிறகு போர்க்கருவியானது. 1804 அக்டோபரில், பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் நெப்போலியன் சேர்த்து வைத்திருந்த படையெடுப்புக் கப்பல்களை அழிக்க, ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கர் வகுத்த வெடிமருந்துப் பெட்டிகளை ஆங்கிலேயக் கடற்படை மிதக்கவிட்டது. தண்ணீர் மட்டத்தோடு மட்டமாக, கண்ணில் படாமல் போகும்படி செய்த அந்தப் பெட்டிகளுக்குக் கேட்டமரான் என்று பெயர். முயற்சி தோற்றது. மீன் பிடிக்கப் பிறந்த சொல்லுக்கு அந்த வேலை ஒட்டவும் இல்லை.

அடுத்த பொருள் இன்னும் விபரீதமானது. 1830களில் கேப்டன் மாரியட் எழுதிய கடற்கதைகளின் காலத்தில், சண்டைக்கார வயதான பெண்ணைத் திட்டும் வசைச்சொல்லாக அது புழங்கியது. பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் முன்பாதியில் ஒலிப்பதால் இந்தப் பொருள் ஏறியிருக்கலாம் என்று சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு நம் சொல் போனபோது தண்ணீரையே விட்டுவிட்டது. அங்கே பனியில் விறகு இழுக்கும் மரச் சறுக்குவண்டிக்குக் கேட்டமரான் என்று பெயர். நியூஃபவுண்ட்லாந்து ஆங்கில அகராதி அதைத் தனிப் பதிவாகவே வைத்திருக்கிறது. துறைமுகங்களில் கப்பலுக்கும் சுவருக்கும் நடுவே உரசாமல் இருக்க மிதக்கவிடும் கட்டைத் தொகுதிக்கும் கடற்படையினர் இதே பெயரைச் சொன்னார்கள். இவற்றுள் இந்தக் கடைசிப் பொருள் ஒன்றுதான் மூலத்தோடு ஓரளவு உறவு உள்ளது.

இரட்டை உடல் படகுக்கு வருவோம். ஐரோப்பாவில் அந்த எண்ணம் புதிதல்ல. சர் வில்லியம் பெட்டி 1662இல் அயர்லாந்தில் அப்படி ஒன்றைக் கட்டினார். அதற்கு இந்தப் பெயர் இல்லை. இரண்டையும் சேர்த்து உலகறியச் செய்தவர் நத்தானியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர். 1876 ஜூன் மாதம் நியூயார்க்கில் நடந்த நூற்றாண்டுப் பந்தயத்தில் அவருடைய 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகு மற்ற படகுகளைப் பின்னே தள்ளிவிட்டு ஓடியது. தோற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அத்தகைய படகுகள் பந்தயங்களில் ஒதுக்கப்பட்டன. அடுத்த ஆண்டே அவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்தப் பந்தயத்தோடு சொல்லின் தலையெழுத்து மாறிவிட்டது.

ஏன் இந்தப் பெயர்? என் கணிப்பு இது. சென்னைக் கரைக்கு வந்த பயணிகளில் சிலர் இரண்டே கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய சிறு மரங்களைப் பார்த்து எழுதினார்கள். டாம்பியரும் அவர்களில் ஒருவர். ஆங்கிலம் பேசுவோர் மனத்தில் கேட்டமரான் என்றால் அருகருகே வைத்துப் பிணைத்த மிதவை என்ற சாயல் படிந்திருந்தது. கட்டைகள் போய் உடல்கள் வந்தபோது அவர்களுக்குப் பெயரை மாற்றத் தோன்றவில்லை. 'மரம்' தொலைந்தது, 'கட்டு' மட்டும் மிஞ்சியது.

உண்மையில் இரட்டை உடல் கலத்தின் தாயகம் பசிபிக் தீவுகள். ஹவாய், தகித்தி, தொங்கா, ஃபிஜி மக்கள் இரண்டு ஓடங்களைக் குறுக்குக் கட்டைகளால் இணைத்து, நட்சத்திரம் பார்த்து, ஆயிரக்கணக்கான மைல் கடல் தாண்டினார்கள். 'ஹோகுலேயா' என்ற அத்தகைய கலம் 1976இல் கருவிகள் எதுவும் இல்லாமல் ஹவாயிலிருந்து தகித்திக்குப் போய்ச் சேர்ந்து, அந்தப் பழைய மாலுமித் திறமையை மீண்டும் நிலைநாட்டியது. அவர்களுக்குத் தங்கள் கலங்களுக்குச் சொந்தப் பெயர்கள் உண்டு. உலகம் அந்தப் பெயர்களை எடுக்காமல் நம் பெயரை எடுத்து அவற்றின்மேல் போர்த்தியது. இரட்டை உடல் படகு தமிழர் கண்டுபிடிப்பு என்று நாம் சொல்லும்போது அந்தத் தீவு மக்களின் உழைப்பை நம் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். இது தவறு, தெரிந்த பிறகும் சொல்வது பெருந்தவறு.

இன்னொரு கதையும் உலவுகிறது. முதலாம் ராஜேந்திரன் 1025இல் கடாரம் மீது படை நடத்தியது கட்டுமரங்களில்தான் என்பார்கள். கரையோர அலையைத் தாண்டவும் அன்றாட மீன்பிடிப்புக்கும் உருவான கலத்தில் யானையும் குதிரையும் உணவும் ஏற்றி வங்கக் கடலைத் தாண்டினார்கள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பெருங்கப்பலுக்குத் தமிழில் நாவாய், வங்கம், கலம் என்று தனிப் பெயர்கள் இருந்தன. கட்டுமரத்துக்கு அரச குலப் பெருமை தேவையில்லை. பட்டினவர் முதலிய மீனவ சமூகத்தவர் தலைமுறை தலைமுறையாகப் பசிக்கும் பிழைப்புக்கும் கட்டிய கலம் என்பதே அதற்குப் போதிய பெருமை.

இருபதாம் நூற்றாண்டில் சொல்லுக்குக் குட்டிகளும் பிறந்தன. மூன்று உடல் படகுக்கு 1940களில் விக்டர் செட்செட் என்ற, உக்ரைனிலிருந்து அமெரிக்கா சென்ற வடிவமைப்பாளர் 'டிரைமரான்' என்று பெயர் வைத்தார். ஐந்து உடலுக்குப் 'பென்டாமரான்' வந்தது. இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 'மரம்' என்ற நம் சொல் ஆங்கிலத்தில் 'படகின் உடல்' என்ற பொருளுள்ள பின்னொட்டாகவே ஆகிவிட்டது. தமிழ்ச் சொல் ஒன்று வேற்று மொழியில் போய்ப் புதுச் சொல் ஆக்கும் உறுப்பாக மாறியதற்கு இதைப்போல் வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

அதன்பின் ஓட்டம் வேகமெடுத்தது. கலிஃபோர்னியாவின் ஹோபி ஆல்டர் 1960களின் இறுதியில் கடற்கரையிலிருந்தே தள்ளிவிடக்கூடிய சிறிய பாய்ப்படகைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அலை உடையும் மணற்கரைக்கு ஏற்ற படகு என்பதால், அறியாமலே அவர் கட்டுமரத்தின் பழைய வேலைக்கு அருகில் வந்தார். 'டொர்னாடோ' வகைக் கேட்டமரான் 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக் போட்டிகளில் இருந்தது. 2013இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கோப்பைப் போட்டியில் ராட்சதக் கேட்டமரான்கள் தண்ணீரை விட்டு எழும்பிப் பறந்தன. நம் நாட்டில் 2012இல் கடற்படையில் சேர்ந்த 'மகர்' என்ற கடலாய்வுக் கப்பலும், 2017 முதல் வைக்கம் காயலில் ஓடும் 'ஆதித்யா' சூரிய ஆற்றல் படகும் கேட்டமரான் வடிவந்தான். தமிழ்ச் செய்தித்தாள் இவற்றைப் பற்றி எழுதும்போது 'கேட்டமரான் வகைப் படகு' என்கிறது. வீட்டை விட்டுப் போன சொல் அடையாளம் தெரியாத விருந்தாளியாகத் திரும்பி வந்திருக்கிறது. 'கட்டுமரம்' என்று திருத்தி எழுத வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. இன்று அவை இரண்டும் வேறு வேறு பொருள்கள். ஒரே சொல்லால் சொன்னால் குழப்பம் கூடும். 'இரட்டை உடல் படகு' என்பதே தெளிவு.

ஆங்கிலத்துக்குப் போன மற்றத் தமிழ்ச் சொற்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை தெரியும். சுருட்டு அங்கேயும் சுருட்டுதான். மிளகுத்தண்ணீர் கொஞ்சம் கெட்டியாகி, கறி சேர்ந்தாலும் சூப்பாகவே இருக்கிறது. கட்டுமரமோ தன் பொருளைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. இதற்கு நேர் எதிரானது மலையாளத்தின் சங்ஙாடம். போர்த்துகீசியர் அதை 'ஜங்காடா' என்று எடுத்துப்போய், பிரேசிலின் வடகிழக்குக் கரையில் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய பாய்மிதவைக்குச் சூட்டினார்கள். அங்கே பொருளும் சொல்லும் ஒத்துப்போயின.

தமிழுக்குள் இந்தச் சொல்லின் நிலை என்ன? சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் பரதவர் திமிலில் மீன் பிடிக்கிறார்கள். புணை, அம்பி, தோணி, பஃறி எல்லாம் வருகின்றன. திமிலைக் கட்டுமரம் என்று பொருள் கொள்வோரும் உண்டு. அரசியல் மேடையில் மு. கருணாநிதி தம்மைக் கட்டுமரத்தோடு ஒப்பிட்டது பலருக்கும் நினைவிருக்கும். கடலில் எறிந்தாலும் மூழ்காமல் பிறரைத் தாங்கிச் செல்லும் தன்மையை அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் கரையில் இருப்பவர்கள் முழுச் சொல்லைச் சொல்வதே அரிது. அவர்களுக்கு அது வெறும் 'மரம்'. மரத்துல போனோம், மரம் தள்ளணும், மரம் திரும்பலை என்பதுதான் பேச்சு. மரத்திலும் பெரிய மரம், சின்ன மரம், கோலா மரம் என்று உண்டு. கோலா மீன் வரும் பருவத்தில், கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவுக்குப் போய், தழைக் கட்டுகளை மிதக்கவிட்டு, அதில் முட்டையிட வரும் கோலாவை வாரி எடுக்க ஏற்றது கோலா மரம். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் இந்த வகைகளைப் பிரித்து விவரித்தார்.

சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே ஒரு குப்பத்தில் முதியவர் ஒருவர் மரத்தை அவிழ்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உப்புத் தண்ணீரில் ஊறிய கயிறு கல்லாக இறுகியிருந்தது. முடிச்சில் ஒரு குச்சியைச் செருகி நெம்பி, சுற்றுச் சுற்றாகத் தளர்த்தினார். அவிழ்த்த கயிற்றைக் கீழே போடவில்லை. முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையே சுருட்டிக்கொண்டே வந்தார். கட்டைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து மணலில் சரிந்தன. அவை ஒன்றோடொன்று பொருந்தியிருந்த பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்து மின்னியது.

"நாளைக்கு மறுபடியும் கட்டத்தானே போறீங்க ஐயா, அப்படியே விட்டா என்ன?" என்று கேட்டேன்.

"தண்ணி குடிச்ச மரம் அமிழ்ந்து போவும் தம்பி. அவுத்துக் காயவெச்சாத்தான் நாளைக்கு நம்மளத் தூக்கும்."

எந்தக் கட்டை எந்தப் பக்கம், எது முன்னே எது பின்னே என்று எதிலும் குறி போட்டிருக்கவில்லை. அவருக்குத் தேவைப்படவும் இல்லை.

அந்தக் கைப்பழக்கம் தலைமுறை மாறும்போது கை மாறவில்லை. நைலான் வலை வந்தது, வெளிப்பொருத்தும் இயந்திரம் வந்தது. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கி, அலை உடையும் கரையில் ஏறி இறங்கும் புதுப் படகுகளை வடிவமைக்க முயன்றது. நல்ல மரம் கிடைப்பது குறைந்து விலை ஏறியது. கண்ணாடியிழைப் படகு, குப்பத்தார் பேச்சில் 'பைபர்', மெல்ல நுழைந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையின் மரங்களை அடித்து உடைத்துக் கொண்டுபோனது. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் பைபர் படகுகள். மீனவர்களை இதில் குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பைபரில் தொலைவு போகலாம், உடம்பு நனையாமல் திரும்பலாம், பிடித்ததை அதிகமாகக் கொண்டுவரலாம். உழைப்பவர் தம் உடம்புக்கு நல்லதைத்தான் தேர்வார், தேரவும் வேண்டும்.

மணலும் குறைந்துவிட்டது. கட்டுமரத்துக்குத் துறைமுகம் வேண்டாம், ஆனால் இழுத்துப் போட்டுக் காயவைக்க அகலமான கரை வேண்டும். கடல் அரிப்பாலும் கரையோரக் கட்டடங்களாலும் அந்த இடம் பல ஊர்களில் சுருங்கிப்போயிற்று. இன்னும் சில முதியவர்கள் மரத்தில் போகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை உள்ள 61 நாளும் நாட்டுக் கலங்கள் கடலுக்குப் போகலாம். கடற்கரையின் சில இடங்களில் தெர்மாகோல் கட்டிகளைச் சேர்த்துக் கட்டி அதில் மீன் பிடிக்கிறார்கள். மரம் போனாலும் கட்டு போகவில்லை என்று அதைப் பார்த்து ஆறுதல் கொள்ளலாம்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. கட்டைகளின் பெயர், கயிற்றுச் சுற்றின் பெயர், முடிச்சின் பெயர், வன்னி, தெண்டி என்ற நீரோட்டங்களின் குணம், வாடையும் கச்சானும் கொண்டலும் வீசும்போது மரத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்ற கணக்கு, இவையெல்லாம் மரத்தில் போனவர்களின் நாக்கில்தான் இருக்கின்றன. பொது அகராதிகளில் இவற்றுள் சிலவே ஏறியிருக்கின்றன. ஜோ டி குரூஸ் 'ஆழி சூழ் உலகு' நாவலில் தென்கோடிக் கரையின் கட்டுமரச் சொற்களைக் கொட்டிக் கொடுத்தது போல, செங்கல்பட்டுக் கரையின் சொற்களை விரிவாகப் பதிவு செய்த நூல் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆங்கிலேயக் கப்பல் வணிகர் ஒருவர் 1670களில் செய்த வேலையை, தமிழ்நாட்டில் தமிழ் படித்த நாம் ஊர் வாரியாகச் செய்திருக்க வேண்டாமா?

மாமல்லபுரத்தின் சிற்பங்களை யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நாள்தோறும் பேருந்து பேருந்தாக மாணவர்கள் வந்து பார்க்கிறார்கள். அவர்களை அழைத்து வரும் ஆசிரியர்களுக்கும், செங்கல்பட்டிலும் சென்னையிலும் தமிழும் மொழியியலும் நடத்தும் துறைகளுக்கும், மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். கடற்கரைக் கோயிலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் குப்பம் வந்துவிடும். மரம் கட்டத் தெரிந்த பெரியவர் ஒருவரை அங்கே கண்டுபிடித்து, அவருக்குரிய கூலியைக் கொடுத்து, ஒரு மரத்தை முழுதாக அவிழ்த்துக் கட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வொரு முடிச்சுக்கும் அவர் சொல்லும் பெயரை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். அவருக்கு எழுபது வயது கடந்திருக்கும். இந்த வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.